வீட்டு விலை பாதி, சம்பளமும் பாதி: எந்த ஊர் வீடு நமக்குக் கட்டுபடியாகும்?

போன மாதம் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, வேளச்சேரியில எண்பது லட்சம் சொல்றாங்க. அதே சைஸ் வீடு திருச்சியில நாப்பத்திரெண்டுதான். பேசாம ஊருக்கே போயி வாங்கிடவா?"

அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். பிடித்தம் எல்லாம் போக இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 1,20,000 ரூபாய் கைக்கு வருகிறது. குரோம்பேட்டையில் 18,000 ரூபாய் வாடகை. சேமிப்பு 14 லட்சம். "சரி, திருச்சிக்குப் போனா ரெண்டு பேருக்கும் என்ன சம்பளம் கிடைக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

முதல் முறை வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஊருக்கு ஊர் விலையை ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது இரண்டு விஷயம்: அந்த வீட்டுக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும், அந்த ஊரில் நமக்கு எவ்வளவு சம்பளம் கிடைக்கும். இதோடு மூன்றாவதாக ஒன்று உண்டு. பத்திரம் பதியும் நாளுக்குள் நம் கையிலிருந்து போகும் காசு. பலருக்கு சம்பளம் இடம் கொடுத்தும் இந்தக் கைக்காசில்தான் வீடு நழுவுகிறது.

தம்பிக்குப் போட்டுக் கொடுத்த கணக்கையே படிப்படியாகச் சொல்கிறேன். இதில் வரும் வீட்டு விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. நீங்கள் நேரில் விசாரித்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

படி 1: விலையைச் சம்பளமாக மாற்றுங்கள்

ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 868. வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை 868 ரூபாய். வட்டி 8 என்றால் 836, 9 என்றால் 900.

2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) 6.5-லிருந்து 5.25 வரை இறக்கியது. சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்பதற்கான மதிப்பெண்) நன்றாக இருப்பவர்களுக்கு 8.5-க்குக் கீழேயே கடன் கிடைக்கிறது. அப்புறம் ஏன் 8.5 வைத்துக் கணக்குப் போட வேண்டும்? 2022 மே மாதம் தொடங்கி ஒரு வருடத்துக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5-க்கு ஏறியதையும் பார்த்தவர்கள்தானே நாம். 50 லட்சம் கடனை 7 சதவீதத்தில் எடுத்தால் தவணை 38,765 ரூபாய். அதுவே 9.5 ஆனால் 46,600-ஐத் தாண்டும். வட்டி ஏறும்போது வங்கிகள் தவணையை அப்படியே வைத்துவிட்டு வருடத்தை நீட்டிவிடும், நமக்குச் சட்டென்று உறைக்காது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அப்படிக் கேட்டு வங்கியிலிருந்து கடிதம் வந்தால் படிக்காமல் மூலையில் போடாதீர்கள்.

அடுத்தது, சம்பளத்தில் எத்தனை பங்கு தவணைக்குப் போகலாம் என்பது. வங்கிகள் 50 சதவீதம், சில நேரம் அதற்கு மேலும் ஒத்துக்கொள்ளும். வங்கி ஒத்துக்கொள்வதும் நம் வீட்டு பட்ஜெட் தாங்குவதும் வேறு வேறு. பள்ளிக் கட்டணம், அப்பா அம்மாவுக்கு அனுப்புவது, மருத்துவக் காப்பீடு எல்லாம் போக 40 சதவீதம்தான் என் வரம்பு. ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பம் என்றால் 35.

40 சதவீதக் கணக்குப்படி, ஒரு லட்சம் கடனுக்கு 2,170 ரூபாய் மாதச் சம்பளம் வேண்டும். கடன் எத்தனை லட்சமோ அதை 2,170-ஆல் பெருக்குங்கள். கையில் வரும் சம்பளத்தைத்தான் சொல்கிறேன், கம்பெனி கடிதத்தில் இருக்கும் வருடாந்திரத் தொகையை அல்ல. ஏற்கெனவே பைக் கடனோ நகைக் கடனோ ஓடுகிறதா? மாதம் 6,000 ரூபாய் அதற்குப் போனால், தேவையான சம்பளத்தில் 15,000 கூடிவிடும். வீடு தேடும் முன் அதை அடைத்துவிடுவது நல்லது.

படி 2: கைக்காசு

கடன் தொகைக்கு ஏற்ப ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75. மீதி நம்முடையது. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் இந்த மதிப்பில் சேர்க்கக் கூடாது. பத்து லட்சத்துக்குள் அடங்கும் வீட்டுக்கு மட்டும் விலக்கு. ஆகவே பத்திரச் செலவு முழுக்க நம் கைக்காசு.

தமிழ்நாட்டில் மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் வரை 4 சதவீதமாக இருந்தது. அதைக் குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் நில மதிப்பு) ஏற்றிவிட்டார்கள் என்பது தனிக் கதை. புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் வேறு கணக்கு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம். ஒரே விலைக்குப் புது ஃப்ளாட்டும் பழைய ஃப்ளாட்டும் இருந்தால் பத்திரச் செலவிலேயே லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. விலை 45 லட்சத்துக்குள்ளும், கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப் பரப்பு) சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள்ளும் மற்ற ஊர்களில் 90-க்குள்ளும் இருந்தால் 1 சதவீதம்தான். 44 லட்சம் சொல்லும் வீடு கார் பார்க்கிங் சேர்ந்ததும் 46 ஆனால் வரி ஐந்து மடங்குக்கு மேல் போய்விடும் என்பதை விற்பனை ஆள் தானாகச் சொல்ல மாட்டார்.

"பாதியை வெள்ளையில் வாங்கிக்கொள்கிறேன், மீதியைக் கையில் கொடுங்கள்" என்று கேட்கும் விற்பவர்களும் உண்டு. சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். கணக்குப்படியும் நமக்குத்தான் அடி. வங்கி பத்திரத்தில் இருக்கும் விலைக்குத்தான் கடன் தரும், கையில் கொடுப்பது மொத்தமும் சேமிப்பிலிருந்து போக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டை என் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன்.

படி 3: நாலு இடத்தை வைத்துப் பார்ப்போம்

வேளச்சேரி. பத்து வருடப் பழைய ஃப்ளாட், 900 சதுர அடி, 80 லட்சம். கடன் 64 லட்சம், தவணை 55,552. தேவையான சம்பளம் 1,38,880. கைக்காசு: முன்பணம் 16 லட்சம், பத்திரம் 7.2 லட்சம், புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் என்று வைத்தால் 80,000. ஆக 24 லட்சம். மர வேலை, பெயின்ட் என்று மூன்று லட்சம் சேர்த்தால் 27. (50 லட்சமோ அதற்கு மேலோ போகும் வீட்டுக்கு ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்பவரின் வருமான வரிக்கான முன்பிடித்தம், பிடித்து நாம்தான் கட்ட வேண்டும். அது கூடுதல் செலவு இல்லை, விற்பவருக்குப் போகும் தொகையிலிருந்துதான் பிடிக்கிறோம். மறந்தால் அபராதம் நமக்கு.)

கூடுவாஞ்சேரி. கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட், 48 லட்சம். கடன் 38.4 லட்சம், தவணை 33,331, தேவையான சம்பளம் 83,328. கைக்காசு: முன்பணம் 9.6, பத்திரம் 2.88, ஜிஎஸ்டி 2.4, ஆக ஏறக்குறைய 15 லட்சம், உள் வேலை சேர்த்து 18. இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. சாவி வரும் வரை வாடகையும் கொடுக்க வேண்டும், வங்கி இதுவரை விடுவித்த பணத்துக்கு வட்டியும் கட்ட வேண்டும். பாதிக் கடன் போயிருக்கும் நேரத்தில் வட்டி மட்டும் மாதம் 13,600 ரூபாய். 18,000 வாடகையோடு சேர்த்துப் பாருங்கள். கட்டுமானம் ஒரு வருடம் தள்ளிப்போனால் அந்த வருடமும் இப்படியே.

திருச்சி. கட்டி முடித்த புது ஃப்ளாட், 42 லட்சம். கடன் 33.6 லட்சம், தவணை 29,165, தேவையான சம்பளம் 72,912. கைக்காசு: முன்பணம் 8.4, பத்திரம் 2.52, உள் வேலை 3. ஏறக்குறைய 14 லட்சம். ஜிஎஸ்டி இல்லை.

கோவை. அங்கே ஃப்ளாட்டைவிடத் தனி வீட்டில்தான் பலருக்கு மனம் நிற்கும். சென்னையில் கிரவுண்ட் என்பார்கள், 2,400 சதுர அடி. கோவையில் சென்ட், 435.6 சதுர அடி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் சதுர அடிக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். மூன்று சென்ட், சென்ட் பத்து லட்சம் என்றால் மனை 30 லட்சம். ஆயிரம் சதுர அடி கட்ட, அடிக்கு 2,400 ரூபாய் வீதம் 24 லட்சம். மொத்தம் 54. பத்திரச் செலவு மனைக்கு மட்டும்தான், 2.7 லட்சம். கடன் 43.2 லட்சம், தவணை 37,498, தேவையான சம்பளம் 93,744. கைக்காசு 13.5 லட்சம் என்று வரும். ஆனால் போர், காம்பவுண்டு சுவர், கரன்ட் இணைப்பு, பிளான் அனுமதி எல்லாம் அதற்குள் அடங்காது. வங்கியும் அஸ்திவாரம், தளம், பூச்சு என்று வேலை நடக்க நடக்கத்தான் பணம் விடும். மேஸ்திரி அதற்கு முன்னாலேயே கேட்பார்.

மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அங்கீகாரமற்ற மனைகளுக்காக அரசு 2017-ல் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அப்படி வரன்முறை ஆனதா என்று காகிதத்தில் பார்த்துவிடுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல், பாதி விலை" என்று வரும் மனைக்கு நூற்றுக்கு நூறு கைக்காசு. பாதி விலையாக இருந்தும் அதுதான் எட்டாத மனை.

படி 4: அங்கே உங்களுக்கு என்ன சம்பளம்?

தம்பி இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். தன் துறையில் திருச்சியில் வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் விசாரித்திருக்கிறான். இருவருக்கும் சேர்த்து 65,000 வந்தால் பெரிது என்றான். இணையத்தில் போடும் சம்பள சராசரியைவிட, அதே வேலையில் அதே ஊரில் இருப்பவரிடம் கேட்பதுதான் நம்பகமானது.

இப்போது தவணையைச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். வேளச்சேரியில் 1,20,000-ல் 55,552 போகிறது, 46 சதவீதம். திருச்சியில் 65,000-ல் 29,165, அதாவது 45 சதவீதம். எண்பது லட்ச வீடும் நாற்பத்திரண்டு லட்ச வீடும் அவன் சம்பளத்தை ஒரே அளவில்தான் கடிக்கின்றன. கூடுவாஞ்சேரியில் 28 சதவீதம்.

நைட் ஃபிராங்க் என்ற வீட்டுச் சந்தை ஆலோசனை நிறுவனம் வெளியிடும் வீட்டுக் கட்டுபடிக் குறியீடும் இதே கணக்குதான்: குடும்ப வருமானத்தில் தவணைக்கு எத்தனை சதவீதம் போகிறது என்பது. 2024 முதல் அரையாண்டில் மும்பை 51, சென்னை 25, அகமதாபாத் 21. சென்னைக்கு 25 என்றதும் பலர் சந்தோஷப்பட்டார்கள். அது நகரத்துச் சராசரி வருமானத்தையும் சராசரி வீட்டையும் வைத்துப் போட்டது. தம்பிக்கு அதே சென்னையில் ஒரு பேட்டையில் 46, இன்னொரு பக்கம் 28. ஊர் சராசரியை வைத்து யாரும் தவணை கட்ட முடியாது.

இந்தக் கணக்கு தலைகீழாக மாறும் ஆட்களும் இருக்கிறார்கள். மத்திய அரசு ஊழியர், மாற்றல் வாங்கக்கூடிய வங்கி ஊழியர், உறுதியாக வீட்டிலிருந்தே வேலை செய்பவர். மத்திய அரசில் சென்னைக்கு வீட்டு வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு போன்ற ஊர்களுக்கு 20. அடிப்படை 50,000 வாங்குபவர் சென்னையிலிருந்து திருச்சி போனால் வாடகைப்படியில் 5,000 ரூபாய் குறையும். அவர்களுக்குச் சின்ன ஊர் உண்மையிலேயே மலிவு. வீட்டிலிருந்து வேலை என்பவர்கள் மட்டும் "நாளைக்கே ஆபீசுக்கு வா என்றால்?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாதவர்கள் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-வைப் பார்க்கலாம். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம். வேளச்சேரியில் இதற்குள் வீடு தேடுவது வீண் வேலை. திருச்சி, மதுரைப் பக்கம் புறநகரில் தேடுகிறவர்கள் விசாரிக்கலாம்.

"வரி மிச்சமாகும்" என்பதை நம்பி தவணையை ஏற்றாதீர்கள். நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் புதிய வரி முறையில் கழிவு கிடையாது.

படி 5: விளம்பரத்தில் வராத எண்கள்

கூடுவாஞ்சேரியிலிருந்து ஓஎம்ஆர் ஆபீசுக்குப் போக மாதம் 5,000 ரூபாய் கூடுதலாக ஆகிறது என்று வையுங்கள். 868-ஆல் வகுத்தால் அது ஐந்தே முக்கால் லட்சம் கடனுக்குச் சமம். ஆகவே அந்த வீட்டை மனதுக்குள் 48 என்று பதியாமல் 54 லட்சத்துக்குப் பக்கம் என்று பதியுங்கள். தேவையான சம்பளம் 83,000-லிருந்து 96,000-க்குப் போகிறது. தம்பிக்கு இன்னும் தாங்கும். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் காலை எட்டரை மணிக்கு ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொன்னேன். நேரத்துக்கு நான் விலை போடவில்லை, அது அவன் முடிவு.

மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு மூன்று ரூபாய் என்றாலும் 900 சதுர அடிக்கு 2,700. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பு என்றால் அது கூடும். ஏப்ரல், மே மாதத்து மெயின்டனன்ஸ் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேளச்சேரியில் 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்று பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டால் கையால் காட்டிவிடுவார்.

அப்புறம் சதுர அடி. 48 லட்சம், 900 சதுர அடி என்றால் அடிக்கு 5,333 ரூபாய். ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம்) ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியா 640 என்று இருந்தால் உண்மையில் அடிக்கு 7,500. பக்கத்து பில்டரிடம் அதே 900 அடி 49.5 லட்சம், கார்பெட் 700. அது அடிக்கு 7,071, விலை கூடியிருந்தும் அதுதான் மலிவு. மாடிப்படியும் லிஃப்டும் எவ்வளவு அடியைத் தின்றிருக்கின்றன என்பது இப்படித்தான் தெரியவரும். கூடவே பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் நம் பங்கு, எத்தனை சதுர அடி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம் பழசாகப் பழசாக மதிப்பு அந்த நிலத்தில்தான் நிற்கும்.

நானே 2019-ல் தாம்பரம் தாண்டி ஒரு ஃப்ளாட் பார்க்கப் போனேன். பேனரில் 39 லட்சம். ஏசி அறையில் காபி கொடுத்து, கார் பார்க்கிங், கரன்ட் மற்றும் தண்ணீர் டெபாசிட், கிளப் ஹவுஸ், இரண்டு வருட மெயின்டனன்ஸ், "கார்பஸ்" (குடியிருப்பின் பொது நிதி) என்று ஒவ்வொன்றாகப் பென்சிலில் எழுதிக் கூட்டினார்கள். 47 லட்சம் வந்தது. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவன்தான், அதிலிருந்து எல்லாச் செலவும் சேர்ந்த விலையை எழுதித் தராத யாரோடும் நான் பேச்சை வளர்ப்பதில்லை.

படி 6: ஒத்திகை

தம்பியின் 14 லட்சத்தை வைத்துப் பார்த்தால் நிலவரம் இப்படி. வேளச்சேரிக்குச் சம்பளமும் போதாது, கைக்காசு 13 லட்சம் குறைவு. திருச்சிக்குக் கைக்காசு சரியாக இருக்கிறது, அங்கே கிடைக்கும் சம்பளம் போதாது. கூடுவாஞ்சேரிக்குச் சம்பளம் தாராளம், கைக்காசு 4 லட்சம் குறைவு. "அப்ப சென்னையிலேயே வேலை பார்த்துக்கிட்டு திருச்சியில வாங்கி வாடகைக்கு விட்டா?" என்றான். தவணை 29,165, இங்கே வாடகை 18,000, அங்கே வரும் வாடகை 11,000 என்று வைத்தால் மாதம் நிகரமாக 36,000 போகும். முடியாத காரியம் இல்லை. ஆனால் கூடுவாஞ்சேரி தவணைக்குப் பக்கத்தில் வரும் தொகையைப் போட்டு, குடியிருக்க முடியாத வீட்டுக்குத் தண்ணிக்குழாய் ரிப்பேர் பார்க்க மாதம் ஒருமுறை ராக்ஃபோர்ட் ரயில் ஏற வேண்டும்.

குறையும் 4 லட்சத்துக்குப் பர்சனல் லோன் எடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. கூடாது. அந்தத் தவணையும் 40 சதவீதத்துக்குள் வந்து உட்காரும்.

அதற்குப் பதில் ஒரு ஒத்திகை சொன்னேன். கூடுவாஞ்சேரி வீட்டுக்கு மாதம் ஆகப்போவது தவணை 33,331, மெயின்டனன்ஸ் 3,000 என்று வைப்போம், பயணம் 5,000. மொத்தம் 41,331. இப்போது கொடுக்கும் வாடகை 18,000-ஐக் கழித்தால் 23,331. அந்தத் தொகைக்கு ஒரு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் வைப்பு) போட்டு, சம்பளம் வந்த ஐந்தாம் தேதியே தானாகப் பிடிக்கும்படி வைக்கச் சொன்னேன். நடுவில் தீபாவளி வரும், ஒரு கல்யாணம் வரும், வண்டி டயர் மாற்ற வேண்டி வரும். ஆறு மாதம் எதையும் உடைக்காமல் ஓட்டினால் அந்தத் தவணை அவர்களுக்குத் தாங்கும். கையில் 1.4 லட்சமும் சேர்ந்திருக்கும், அந்த வீட்டின் பத்திரச் செலவில் ஏறக்குறைய பாதி. மூன்றாம் மாதமே ஆர்.டி.யை உடைத்தால் 48 லட்சத்தை அடித்துவிட்டு 40 லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று மறுபடி படி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆர்.டி.யின் முதல் தவணை இந்த ஐந்தாம் தேதி போயிருக்கிறது.